கை வைக்காத நாற்காலி

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் இருக்கும் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த ஆம்புலன்ஸ்காரர் இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். பின்னால் பிடித்திருந்தவர் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே ஒரு படி இறங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் மாடிக் கைப்பிடியைப் பற்றியபடி எட்டிப் பார்த்த அவளுக்குத் தன் புருஷனின் முகம் தெரியவில்லை. வெள்ளைப் போர்வையின் ஓரம் மட்டும் தெரிந்தது.

குறுக்கே நின்றது ஒரு இரும்புப் பெட்டி. போன வருஷம்தான் இணைய இணைப்புக்கென்று அதைச் சுவரில் அடித்துவிட்டுப் போனார்கள். உலகத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிற பெட்டி, ஒரு கிழவரைத் தன் வீட்டுக்குப் போகவிட மாட்டேன் என்று நின்றது.

லிஃப்டைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே அது படுத்துவிட்டது. அவளுடைய முழங்கால்கள் அதற்கும் முன்பே படுத்துவிட்டவை. ஆக, அவர் ஆஸ்பத்திரியில், அவள் நான்காம் மாடியில், குடித்தனம் போன் திரையில். இன்று காலை டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, இன்றைக்குத் தாண்டினால் பெரிது என்று சொல்லியிருந்தார். புருஷன் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். தன் கட்டில். பக்கத்தில் அவள்.

"அம்மா!" ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலிருந்து மகன் கத்தினான். "திரும்பாதுங்கறாங்கம்மா. திரும்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிடலாம்."

"அப்போ நான்?"

வழியில் அவர் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு. அவளுக்கும் அதே பயம்தான். அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தன்னைப் பார்க்காமல் போய்விடக் கூடாது.

அப்போது போர்வைக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"பெட்டி ஓரத்துல சோப்பு தடவுங்க... வழுக்கிட்டு வந்துடும்."

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டடத்தில் அவருக்குக் குறிப்பு சார் என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரத்திலிருந்து, விடிந்தால் போதும், குடியிருப்போரின் போன் குழுவுக்கு அவர் குரலில் ஒரு செய்தி போய்விடும். ஜிப் மாட்டிக்கொண்டால் மெழுகுவத்தி தேய்க்கவும். ஒன்றுக்குள் ஒன்று இறுகிய டம்ளர்களைப் பிரிக்க உள்ளே ஐஸ், வெளியே வெந்நீர். பிறகு, நாம் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம், அவசரத்தில் வாழ்கிறோம், பக்கத்து வீட்டில் யார் என்று தெரியவில்லை என்று வரிசையாக வரும். குறிப்பு ஒரு நிமிஷம், உபதேசம் ஏழு நிமிஷம். பாதிக் குறிப்பு பலிக்கும். மீதிப் பாதியில் ஒன்று கூடத்துப் பளிங்குத் தரையில் இன்னும் கிடக்கிறது. வினிகர் ஊற்றித் துடைத்தால் பளபளக்கும் என்று அவர் ஊற்றிய இடம் சொரசொரவென்று வெளுத்துப் போயிருக்கிறது.

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் மேலிருந்தே. பிறகு ஆம்புலன்ஸ்காரர்களிடம், "தம்பி, அவரை மூணாம் மாடி வாசலுக்கு இறக்குங்க. ஸ்ட்ரெச்சர் வேண்டாம். நான் நாற்காலி கொண்டுவரேன்" என்றாள்.

"நீ இறங்காதம்மா, நான் வந்து..." என்று மகன் தொடங்குவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். கை வைத்தது இரண்டு, கை வைக்காதது இரண்டு. கை வைக்காததில் கால் ஆடாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். துவைத்து மடித்திருந்த கட்டில் விரிப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். படியின் உச்சியில் நின்றபோது முழங்கால்கள் இரண்டும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. நாற்காலியை ஒரு படி கீழே வைத்தாள், தன்னை ஒரு படி கீழே இறக்கினாள். மறுபடி நாற்காலி, மறுபடி தான். வலி தொடை வரை ஏறியது. திருப்பத்தில் அந்த இரும்புப் பெட்டியைத் தாண்டும்போது முழங்கையால் அதற்கு ஓர் இடி வைத்துவிட்டுத்தான் போனாள்.

மூன்றாம் மாடி வாசலில் அவர் முகத்தைப் பார்த்தாள். திரையில் பார்த்ததைவிடச் சின்னதாகியிருந்தது. கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. அழ இப்போது நேரமில்லை.

"உக்கார வைங்க தம்பி. முதுகு நல்லா ஒட்டணும். விரிப்பை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பின்னால முடிச்சு போடுங்க. இறுக்காதீங்க, மூச்சு விடணும்."

"மாடிப் பக்கம் பாத்து உக்கார வைங்க. என் வீட்டைப் பாத்துட்டே போறேன்" என்றார் அவர்.

"கூடாது. முதுகு மேல, கால் கீழ. அப்பதான் சாய்ஞ்சு வரலாம், முன்னால விழ மாட்டீங்க."

"அப்போ எதைப் பாக்கறது?"

"என்னைப் பாருங்க. நான் கீழேருந்து எதிர்லதான ஏறி வரேன்."

அவர் மறுபேச்சு பேசவில்லை. கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு நாளை அவள் பார்த்ததில்லை.

ஒருவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார், ஒருவர் முன்கால்களைப் பிடித்தார். பின்னோக்கிச் சாய்த்துத் தூக்கினார்கள். மகன் அவள் கையைப் பிடிக்க வந்தான். "என்னை விடு, அப்பாவோட காலைத் தாங்கிக்கோடா" என்று அவனை முன்னால் அனுப்பிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் ஏறினாள். அவர் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு மேலே போனார். அவள் நின்றால் அவர் தூரமாகிவிடுவார். ஆகவே அவள் நிற்கவில்லை. முழங்கால் இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியவில்லை.

திருப்பம் வந்தது. நாற்காலி ஒரு வட்டம் போட்டது. பெட்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் மிச்சம் இருந்தது.

"அட, அவ்வளவுதானா!" என்றார் முன்னால் பிடித்தவர்.

சத்தம் கேட்டு மூன்றாம் மாடிப் பெண் வெளியே வந்திருந்தாள். கீழ் மாடிகளிலிருந்தும் இரண்டு மூன்று பேர் ஏறி வந்திருந்தார்கள். தினமும் குரல் கேட்டும் முகம் சரியாகத் தெரியாத குறிப்பு சாரை அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி ஆட்டினார். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சாகப்போகிறவருக்குக் கை தட்டுவதா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கட்டிலில் தன் வழக்கமான பக்கத்தில் அவர் படுத்தார். ஜன்னல் வெயில் கால்மாட்டில் விழுந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். மகன் கூடத்தில் ஒவ்வொருவராகப் போனில் அழைத்து, "கொண்டுவந்துட்டோம், ஆமா, பேசறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கால்களை நீட்டினாள். முழங்கால் இரண்டும் வீங்கி விண்விண்ணென்று தெறித்தன.

வெகுநேரம் அவர் கூரையைப் பார்த்தார். மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிறகு தலையைத் திருப்பினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"நாற்காலி."

அவள் அவரைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன மனுஷர். அவளிடம் இதுவரை எதையும் எப்படி என்று கேட்டதில்லை.

"உங்கம்மாவுக்குக் கால் ஒடிஞ்சுதே, நீங்க ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருந்தப்போ. அப்ப ஏது லிஃப்ட்? நானும் ரெண்டாம் மாடி டீச்சரும்தான் தூக்கிட்டு வந்தோம்."

"ஆஸ்பத்திரி ஆளுங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க. வந்ததும் வராததுமா, மாவுக்கட்டுக்குள்ள அரிச்சா என்ன பண்ணணும்னு குறிப்பு சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க."

அவர் உதடு கோணியது. சிரிக்கிறார்.

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கவே இல்லையே."

"இப்ப கேக்கறேன். முதல்லேருந்து சொல்லு."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல கை வெச்ச நாற்காலியைத்தான் கொண்டுபோனேன். மாவுக்கட்டோட கால் அதுல நுழையலை. மறுபடி ஏறி வந்து இதை எடுத்துட்டுப் போனேன். முதல் மாடி வரைக்கும் உங்கம்மா ஒரே திட்டு. என்னைக் கொல்லப் பாக்கறியா, புள்ளை வரட்டும் சொல்றேன்னு. டீச்சருக்குச் சிரிப்பு தாங்கலை. சிரிச்சா கை தளருது. நான் கத்தறேன், சிரிக்காதீங்க டீச்சர், சிரிக்காதீங்கன்னு. ரெண்டாம் மாடி வந்ததும் உங்கம்மா, இறக்கு, எனக்குக் காபி வேணும்னுட்டாங்க. படி ஓரத்துல நாற்காலியில உக்காந்தபடியே, ராணி மாதிரி ரெண்டு டம்ளர் குடிச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் தரையில."

அவர் விரல்கள் அவள் விரல்களை லேசாக அழுத்தின.

"அப்புறம்?" என்றார். அல்லது அந்த மாதிரி உதடு அசைந்தது.

"அப்புறம் மூணாம் மாடி. அங்கதான் கஷ்டம். டீச்சருக்குக் கை விட்டுப்போச்சு. இடம் மாத்திக்கிட்டோம். நான் கீழ வந்துட்டேன். உங்கம்மா என் முகத்தையே பாத்துட்டு வந்தாங்க. திட்டலை."

நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். கூடத்தில் மகன் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். விரல்களின் அழுத்தம் போய்விட்டது. கை அவள் மடியில் கனமாகக் கிடந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகனைக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்தது.

"திருப்பத்துல மெதுவா ஒரு வட்டம் போட்டோம்" என்றாள், அதே குரலில். "அப்போ பெட்டி கிட்டி ஒண்ணும் கிடையாது. அப்புறம் மிச்சப் படி. ஏறிட்டே இருந்தோம். வாசல்ல நாற்காலியை இறக்கினோம். உங்கம்மா வீட்டை ஒரு தடவை சுத்திப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. என் கன்னத்தைத் தொட்டாங்க."

போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள்.