பித்தளைத் திருகு

மே மாதத்தில் வால்ஐ மீன் பிடிக்க இருந்த தடை நீங்குகிற சனிக்கிழமையன்று மினசோட்டாக்காரர்கள் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். ஏரியில் பனிக்கட்டி உருகிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது, தண்ணீரில் கை வைத்தால் எலும்புவரை வலிக்கும், ஆனாலும் விடிந்ததும் விடியாததுமாக ஊரே படகை வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். இத்தனைக்கும் அந்த மீன் ஒன்றும் பேரழகில்லை. பாசிநிற உடம்பு, முள் முதுகு, பால் படிந்தாற்போல ஒரு வெளிறிய கண். அதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

மரிட்டுக்கு அந்த ஆர்ப்பாட்டம் எப்போதும் பிடித்ததில்லை. அவளுக்கு நீந்தத் தெரியாது. ஆண்டுதோறும் கணவன் டேரலும் மாமனார் ஹால்வரும்தான் போவார்கள். அவள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவாள். இந்த ஆண்டு டேரலுக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. தையல் ஆறாமல் சோபாவில் கிடந்தவன், முதல்நாளே அவளிடம் சொல்லிவிட்டான்.

"மீன் வந்தா வருது, வராட்டிப் போவுது. அப்பா எதையாவது மறக்குறாரான்னு மட்டும் பாத்துக்கோ. ஞாயித்துக்கிழமை அக்கா வந்ததும் பேசி முடிச்சுடலாம்."

பேசி முடிப்பது என்றால் வேறொன்றுமில்லை, ஹால்வரின் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு படகை விற்றுவிடுவது. எண்பதை நெருங்குகிற மனிதர். போன மாதம் அடுப்பை அணைக்காமல் தேவாலயத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பயந்ததற்குக் காரணம் அடுப்பு மட்டுமல்ல. அவருடைய அண்ணன் சிவெர்ட். சிவெர்ட் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். செத்துப்போன மனைவியோடு காலையில் காபி குடித்ததாகச் சொல்வார். கோப்பையின் நிறம், அவள் போட்டிருந்த சட்டை, ஜன்னலில் விழுந்த வெயில், எல்லாம் சொல்வார். ஹால்வர் வாரம் தவறாமல் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து, அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டார்.

தன்னை வேவு பார்க்கத்தான் மருமகள் வருகிறாள் என்பது கிழவருக்குத் தெரியும். வண்டியில் ஏறும்போதே, "உளவாளிக்கு ஜன்னல் பக்கம் வேணுமா?" என்று கேட்டார். மரிட்டுக்குக் காது சிவந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே காபிக் குடுவையை அவள் மடியில் வைத்தார்.

படகுத் துறையில் கூட்டம். ஹால்வர் வண்டியைச் சரிவில் பின்னோக்கி இறக்குவதற்கு முன்னால், சாவிக்கொத்திலிருந்து கட்டைவிரல் அளவு பித்தளைத் திருகு ஒன்றைக் கழற்றி மரிட்டின் கையில் கொடுத்தார். படகின் பின்பலகையில், அடியில், ஒரு வடிதுளை இருக்கும். குளிர்காலம் முழுக்க அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். தண்ணீரில் விடுமுன் இந்தத் திருகை வைத்து இறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, குழந்தைகூடச் செய்யும்.

அவள் குனியப்போன நேரம் பார்த்து, தேவாலயத்துப் பாடகர் குழுவில் இருக்கிற வெர்னா ஒரு தட்டு எலுமிச்சை இனிப்போடு வந்து நின்றாள். டேரலுக்கு எப்படி இருக்கிறது, தையல் எத்தனை, பேதி மருந்து கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா? தட்டை இரண்டு கையாலும் வாங்குவதற்காக மரிட் திருகைக் கோட்டுப் பையில் போட்டாள். பின்னால் ஏழெட்டு வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன. அந்த ஊரில் யாரும் ஒலிப்பான் அடிக்கமாட்டார்கள், முணுமுணுக்கவும் மாட்டார்கள், பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் இன்னும் கொடுமை. ஹால்வர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முடிந்ததா என்று கேட்டபோது, அவள் தட்டோடு திரும்பி முடிந்தது என்றாள். பொய் சொன்னதாக அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

படகு ஓடிக்கொண்டிருக்கும்வரை துளை இருப்பது தெரியாது. உள்ளே வருகிற தண்ணீர் அந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். நின்றால்தான் வினை. ஹால்வர் எல்லோரும் போகிற பக்கம் போகாமல், ஏரியின் மறுகோடியில், பாறை முனையைத் தாண்டி ஓடை வந்து கலக்கிற இடத்துக்குப் போனார். முட்டையிட்டு முடித்த வால்ஐகள் அங்கேதான் பசியோடு சுற்றும் என்றார். நங்கூரத்தை இறக்கி இன்ஜினை அணைத்தார். கண்ணுக்கெட்டியவரை வேறு படகு இல்லை.

காற்று லேசாக எழுந்து தண்ணீரை நெளியவைத்தது. அந்த மீனுக்கு அதுதான் பிடிக்குமாம். ஈயத்தலைத் தூண்டில்முள்ளில் உயிர்ச் சிறுமீனைக் கோத்து இறக்கிய கொஞ்ச நேரத்தில் முதல் மீன் வந்தது. அடுத்தது அவளுக்கே வந்தது. நூலில் யாரோ விரலால் தட்டுவதுபோல ஒரு சிறு தட்டல், பிறகு பாரம். ஹால்வர் வலையில் அள்ளி, "மோசமில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. மரிட்டுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு தெளிவாக இருக்கிறாரே, டேரலிடம் அப்படியே சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் பெட்ரோல் கேனைப் பார்த்தாள். அது தானாக நகர்ந்தது.

அவள் முன்பலகையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஹால்வர் இன்ஜினுக்குப் பக்கத்தில், பின்கோடியில். அவருடைய ரப்பர் பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் கருப்பாக ஆடிக்கொண்டிருந்தது. படகின் பின்விளிம்புக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவளுக்குக் கை சில்லிட்டது. சூட்டுக்காகவா, பயத்தாலா தெரியவில்லை, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். பித்தளை விரலில் பட்டது.

உயிர்காக்கும் உடுப்பு இரண்டையும் இருவரும் மெத்தையாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். போன வருஷம் இதே மாதம் இதே ஏரியில் ஒருவன் விழுந்தான். நல்ல நீச்சல்காரன். தண்ணீரின் குளிரில் மூச்சு நின்று, கத்தக்கூட முடியாமல் போய்ச் சேர்ந்தான். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் அவன் ஏதோ தேடுகிறான் என்று நினைத்தார்களாம்.

சொல்ல வேண்டும். 'திருகு என்கிட்ட இருக்கு' என்று மூணே வார்த்தை. அவர் மறக்கிறாரா என்று பார்க்க வந்தவள் அவள். சொன்னால் அவர் திட்டமாட்டார். ஒன்றுமில்லை என்பார், யாருக்கும் சொல்லவும் மாட்டார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. அவர் கொஞ்சம் நகர்ந்தால் நாமே குனிந்து சத்தமில்லாமல் மாட்டிவிடலாமே என்று ஒரு பைத்தியக்கார யோசனை. நகர்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஹால்வரின் தூண்டில் முனை வெட்டி வெட்டி இழுத்தது. மீன் மாட்டியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. எவ்வளவு நேரமாக அவருக்குத் தெரியும் என்று அவளுக்கு விளங்கவில்லை; அவரும் வாயைத் திறக்காமல்தான் இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

"திருகை மாட்ட மறந்துட்டேன், மரிட்," என்றார்.

அவள் பைக்குள் திருகை இறுகப் பிடித்தாள்.

ஒரு அலை பின்விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தது. ஹால்வர் மண்டியிட்டு, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துளையைத் துழாவினார். குளிரில் அவர் பல் கிடுகிடுத்தது. அடைக்க ஏதாவது கொடு என்று கையை நீட்டினார்.

மரிட்டின் கை பைக்குள்தான் இருந்தது. திருகு உள்ளங்கையில் இருந்தது. கையை எடுத்தாள், வெறுங்கையாக எடுத்தாள், தலையில் இருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. முங்கிச் சாகப்போகிற நேரத்தில் மானம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நாம் கரையில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். அவளுக்குத் தண்ணீர் ஒரு பயம், அந்தக் கிழவரின் கண் இன்னொரு பயம். அந்த நிமிஷத்தில் இரண்டாவது பெரிதாக இருந்தது.

குல்லாயைச் சுருட்டித் துளையில் திணித்தார். பாதிதான் அடைத்தது. நங்கூரம் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்கப் படகின் மூக்குத்தான் தாழ்ந்தது. கயிற்றை அவிழ்த்து ஏரியோடு விடச் சொன்னார். விரல் மரத்துப்போய் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். ஹால்வர் இன்ஜின் கயிற்றை இழுத்தார். இருமியது, நின்றது. மறுபடி இழுத்தார். தண்ணீர் அவளுடைய முழங்காலுக்கு வந்தது. சிறுமீன் வாளியால் அவள் அள்ளி அள்ளிக் கொட்டினாள், அள்ளுவதைவிட வேகமாக அது வந்துகொண்டிருந்தது. வாய் ஏதோ ஜெபத்தின் முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னது. இரண்டாவது வரி வரவில்லை. மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது.

முதலில் படகு தண்ணீர் குடித்த மாடுபோல அசைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கியது. வேகம் பிடித்ததும் ஹால்வர் குனிந்து குல்லாயைப் பிடுங்கி எறிந்தார். வந்த வழியாகவே தண்ணீர் வடிய ஆரம்பித்தது. துறைவரை அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. மரிட் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு ஓரப்பலகையையும் பற்றியிருந்தாள்.

துறையில் படகை வண்டியில் ஏற்றி மேட்டில் நிறுத்தியதும், வடிதுளையிலிருந்து மிச்சத் தண்ணீர் குழாய் திறந்ததுபோலக் கொட்டியது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். என்ன நடந்திருக்கும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு, பார்க்காததுபோல, காற்று கொஞ்சம் அதிகம்தான் என்று பேசிக்கொண்டு நகர்ந்தார்கள்.

மரிட் பக்கத்திலிருந்த தூண்டில் இரைக் கடைக்குப் போய்ச் சூடாகக் காபி வாங்கி வந்தாள். ஹால்வர் படகின் பின்பலகைக்குப் பக்கத்தில், ஈரச் சட்டையோடு, துளையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கோப்பையை வாங்கினார், குடிக்கவில்லை.

"மறந்தது எனக்குப் பெருசில்ல," என்றார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "திருகு கொத்துல இல்ல, எங்கயோ தொலைச்சிருக்கேன். மறதி யாருக்கும் வரும். ஆனா உன் கையில குடுத்த மாதிரியே எனக்கு ஞாபகம் இருக்கு, மரிட். சாவிக்கொத்துலேருந்து கழட்டினேன். நீ இடது கையில வாங்கினே. விரல்ல கையுறை இல்ல. முடிஞ்சதுன்னும் சொன்னே. இவ்வளவும் தெரியுது. சிவெர்ட்டும் இப்படித்தான் சொல்லுவான், கோப்பை நீலம்னு."

மரிட்டுக்குப் படகில் வந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவள் பையிலிருந்து திருகை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். நீங்கள் கொடுத்தீர்கள், நான்தான் பையில் போட்டேன், வெர்னா வந்தாள், உங்கள் ஞாபகம் சரி, முழுக்கச் சரி என்று அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தாள்.

ஹால்வர் திருகைப் பார்த்தார். பிறகு இரைக் கடையைப் பார்த்தார். பித்தளைத் திருகுகள் அங்கே வாசலிலேயே தொங்கும்.

"இப்பத்தான் வாங்கினியா?"

"இல்ல, ஹால்வர். சத்தியமா இல்ல. காலையிலேருந்து என் பையிலதான் இருக்கு. இடது கையிலதான் வாங்கினேன்."

"அது நான் இப்பச் சொன்னது." அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவ்வளவு அன்பான புன்னகையை அவள் அவரிடம் அதுவரை பார்த்ததில்லை. "தண்ணி உள்ள ஏறினப்ப கையை நீட்டினேன். குல்லாயைக் குடுத்தே. இது பையில இருந்திருந்தா யாராவது குல்லாயக் குடுப்பாங்களாம்மா?"

அவளிடம் இருந்த பதில் ஒன்றுதான், அதைச் சொல்லிப் பார்த்தாள். பயந்துவிட்டேன், சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். அவளுக்கே அது ஒரு கிழவரைத் தேற்றுவதற்காகக் கட்டிய கதைபோல ஒலித்தது. அதனால் இன்னும் உரக்கச் சொன்னாள். துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னாவும் பார்த்தாள்.

ஹால்வர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிம்மா, சரி. எல்லாரும் பாக்குறாங்க," என்றார். "நீ நல்ல பொண்ணு. டேரல்கிட்ட நானே சொல்லிக்கிறேன். ஞாயித்துக்கிழமைவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

வண்டிச் சாவியை அவளுடைய உள்ளங்கையில், திருகுக்குப் பக்கத்தில் வைத்தார். ஓட்டுநர் பக்கம் போகாமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அந்தப் பக்கத்துக் கதவுப் பிடி எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் தடவித் தேடினார். ஏறி உட்கார்ந்து, சீட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் வருவதற்காகக் காத்திருந்தார்.