தலையணைக்கடியில் முனீஸ்வரர்

வீரம்மாவுக்குக் காய்ச்சல் விடுவேனா என்றது. இரத்தப் புற்றுக்குக் கீமோ கொடுத்ததில் உடம்பிலிருந்த வெள்ளணுக்கள் துடைத்துவிட்டாற்போல் காலி. கிருமி வந்தால் தடுக்க ஆளில்லை. ஈப்போவில் ஆஸ்பத்திரித் தனியறையில் ஆறு நாளாக மருந்து ஏறுகிறது, இரண்டு முறை மாற்றியும் பார்த்தாயிற்று. மாலையானால் முப்பத்தொன்பது டிகிரி. புருஷன் பிச்சைமுத்து கட்டிலருகிலேயே கிடந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷருக்கு, இவள் இல்லாவிட்டால் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் என்றுகூடத் தெரியாது.

ஏழாம் நாள், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் டாக்டர் கௌரி துருவித் துருவிக் கேட்டார். பூ கொண்டுவந்தீர்களா, பழம், வெளிச் சாப்பாடு? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் பிச்சைமுத்து. பொய் சொல்லவில்லை. பழம் என்றால் பப்பாளி, ரம்புத்தான். தலையணைக்கடியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தது பழமா என்ன? செமோர்ப் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அசையாமல் நிற்கிற முனீஸ்வரர் காலடியில் வைத்து எடுத்த எலுமிச்சை. அது சாமி. சாமியைப் போய் யார் பழக்கணக்கில் சேர்ப்பார்கள்?

விரிப்பு மாற்றும் நேரத்தில் மட்டும் முடிச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், அழுக்குத்துணியோடு போய்விடக் கூடாதே என்று. அன்றைக்கு டாக்டரின் கேள்விகளில் மறந்துபோனார். விரிப்பு மாற்ற வந்த நர்ஸ் மிஸ்ஸி தலையணையைத் தூக்கினாள், முடிச்சை அவிழ்த்தாள். எலுமிச்சை முழுக்கப் பச்சைப் பூஞ்சை.

பிச்சைமுத்து டாக்டர் பக்கம் திரும்பினார்.

“நாந்தான் வச்சேன் டாக்டர். நானே அவள சாவடிக்கப் பாத்தேனா?”

“இதாலதான் காய்ச்சல் எண்டு சொல்ல ஏலாது ஐயா. ஆனா இத்தனை நாள் விடாத காய்ச்சலுக்குப் பூஞ்சையையும் சந்தேகிக்கத்தான் வேணும்.”

அன்றைக்கே நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள், பூஞ்சைக்கான மருந்தும் ஏறியது. சிரித்தது வீரம்மா மட்டும்தான், அந்தக் காய்ச்சலிலும்.

“ஒரு வாரமா தலையில என்னமோ உறுத்துதுன்னு சொன்னேன். தலாணி புதுசுன்னாரு லா, இந்த மனுசன்.”

நாலு நாளில் காய்ச்சல் இறங்கியது. வெள்ளணுக்களும் ஒன்றிரண்டாகத் தலைகாட்டின. மருந்தா, முனீஸ்வரரா? பிச்சைமுத்து பாதிப் பாதி கும்பிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை புது எலுமிச்சையோடு வந்தார். காலையிலிருந்தே தும்மல். முன்பென்றால் நேரே உள்ளே போய் நின்றிருப்பார். இப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். வீரம்மா போன் அடித்தாள்.

“உள்ள வராம என்னா அங்கயே நிக்கிறீங்க?”

“எனக்குத் தும்மல் வீரம்மா. சாமியும் வெளியதான் இருக்கணுமாம்.”

“முனீஸ்வரர் காவச்சாமிதானே, வாசல்ல நிக்கிறதுதான் அவர் வேலை. நீங்க போயி பால் ஊத்தாம சூடா ஒரு தே ஓ குடிங்க. நல்லாயிட்டு உள்ள வாங்க, நான் எங்கயும் போகல.”

பிச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தும்மல் போட்டார்.