மாப்பிள்ளைக்குச் சுகப்பிரசவம்

காலை ஆறே முக்காலுக்குக் கூண்டருகிலிருந்து தங்கை கத்தினாள். "அக்கா, ஓடி வா! மாப்பிள்ளைக்குச் சுகப்பிரசவம்!"

விற்ற கடைக்காரர் ஒன்று ஆண், ஒன்று பெண் என்று சொன்னதை நம்பி எங்கள் முயல்களுக்குப் பெயர் வைத்திருந்தோம். பெரியது மாப்பிள்ளை, சின்னது பொண்ணு. இப்போது மாப்பிள்ளை தன் வயிற்று ரோமத்தைப் பிய்த்து மரப்பெட்டியில் மெத்தை போட்டிருந்தது. அதற்குள் கண் திறக்காத ஐந்து குட்டிகள். இரண்டு முறை எண்ணினேன்.

கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தேன். குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினையாகலாம், உடம்பு தாங்காது, ஆண் முயல் குட்டிகளை மிதித்துவிடவும் கூடும், உடனே பிரியுங்கள் என்றார். மாற்றுக் கூண்டின் கதவு உடைந்திருந்தது. அதனால் கூண்டின் நடுவே பலகையைச் செருகி, பெட்டியிருந்த பக்கம் தாயை விட்டேன். வெல்டரான அப்பா இரவு ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வருவார். சமையலறைக் கதவில் சீட்டு ஒட்டினேன்: "முயல் குட்டி போட்டிருக்கிறது. மாற்றுக் கூண்டைச் சரிசெய்து ஆணை அதில் விடவும். பெட்டியைத் தொட வேண்டாம். காலை 7.20." தங்கை மருந்துக்கடைக்கும் நான் கண்ணாடிக் கடைக்கும் வேலைக்கு ஓடினோம்.

மாலை கட்டட வரைபட வகுப்பில் படிக்கட்டு வரைந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நேரமெல்லாம் எழுதினேன். ஆனால் ஆண் என்றால் அப்பாவுக்கு எது?

போனை அவர் எடுக்கவில்லை. பாதி வகுப்பில் எழுந்து ஓடினேன். வாசலில் தங்கையும் அப்போதுதான் வந்தாள். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஆணைப் பிரிச்சிட்டீங்களாப்பா?"

"பின்ன? மாப்பிள்ளையத் தனியா போட்டாச்சு. எந்திரிச்சதுலேர்ந்து பாக்கறேன், கதவப் பிறாண்டிட்டே இருக்கான். பாவம், பொண்ணு பெட்டிக்குப் போக முடியாம எவனோ பலகைய வேற வெச்சிருந்தான். அதையும் எடுத்துட்டேன்."

"அந்த எவனோ நான்தான். குட்டி போட்டதே மாப்பிள்ளைதான்பா!"

அப்பா ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். "அடப்பாவி, மாப்பிள்ளைன்னா ஆம்பளைன்னு நெனைக்கறது ஒரு குத்தமா?"

பெட்டிக்குப் பக்கத்தில் பொண்ணு, அதாவது ஆண், நீட்டிப் படுத்திருந்தது. பயந்துகொண்டே பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. மிதிபடவில்லை. ஆனால் வயிறுகள் ஒட்டி, தோல் சுருங்கிக் கிடந்தன.

"பரவால்லக்கா, ஆள் மாறினாலும் ஜோடி பிரிஞ்சுதான இருந்துச்சு?" என்றாள் தங்கை. மருத்துவர் சொன்னதில் பாதி நடந்திருந்தது. ஆனால் பகலெல்லாம் தாய் இல்லாமல் கிடந்த குட்டிகளுக்குப் பால் வேண்டும்.

ஆளை மாற்றினோம். தாய் பெட்டியை முகர்ந்தது, விலகியது. என் கைவாடை பட்டுவிட்டதோ? அந்தச் சீட்டை ஒட்டுமுன் நானே ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால்...

தாய் உள்ளே குதித்தது.

"உங்களுக்கு நேரமாச்சேப்பா" என்றேன்.

"சும்மா இரு. புள்ளைங்க குடிக்கட்டும்."

மூன்று நிமிடத்தில் அது வெளியே வந்தது. ஒவ்வொரு குட்டியாக எடுத்து விளக்கருகில் காட்டினேன். மெல்லிய தோலுக்கடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தது. ஐந்தாவதற்குக் கொஞ்சம்தான். ஆனாலும் இருந்தது.