அறைக்கு முப்பது பேர்

பள்ளி வாரியக் கூட்டத்தில் அவள் பேசும் நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிய இன்னும் அரை நிமிஷம் இருந்தது. வெர்லீன் எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்துவிட்டு மைக்கை நெருங்கினாள்.

"அந்த ஆளுக்குக் கதவத் தெறந்து காட்டினதே நான்தாங்க."

உண்மைதான். பள்ளிச் சமையலறையில் பதினோரு வருஷமாக இருப்பவள். போன மாதம் வகுப்பறைகளை எண்ண வாரியத்திலிருந்து ஒருவன் வந்தபோது, சூடாகச் சோள ரொட்டி கொடுத்து, அறை அறையாகக் கூட்டிப்போனதும் அவள்தான். மகன் டெவாண்டேயின் வகுப்பு வாசலில் நின்று, "பாருங்க, ஒம்பதே புள்ளைங்க. அதனாலதான் எம்மவன் ஏழு வயசுலயாவது வாயத் தெறந்து அம்மான்னான்" என்று பீற்றிக்கொண்டாள். அவன் சிரித்தபடியே ஒன்பது என்று குறித்துக்கொண்டான். அறைக்கு முப்பது பேர் என்பது அவர்கள் கணக்கு. பேச்சு வராத பிள்ளைகளின் வகுப்பும் அந்தக் கணக்கில் காலி அறைதான். பள்ளியே பாதி காலி என்று மூடும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பட்டியலில் இருந்த பதினேழு பள்ளிகளில் பதினாறு கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிகள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பெற்ற பிள்ளையின் வாயில் நாமே மண்ணைப் போட்டோமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம். ஆனால் எண்ணியவன் மேல் இருந்த ஆத்திரம் அதைவிடப் பெரிது. நகரத்தின் வடக்கே, வெள்ளைக்காரர் பள்ளிகளுக்குப் போய் எண்ணியதும் அதே ஆள்தான்.

"வடக்க வெள்ளக்காரப் புள்ளைங்க ஸ்கூல்ல, பன்னெண்டு பேர் ஒக்காந்து பியானோ வாசிக்கிற ரூம் இருக்கே. அதுக்கு என்ன எழுதினீங்க?"

மேடையில் இருந்த வாரியத் தலைவர் காகிதத்தைப் புரட்டினார். "அது இசை அறைம்மா. கணக்குல வராது."

"அவங்க பியானோவுக்கு எடம் வேணும். எம்புள்ள பேசக் கத்துக்க எடம் வேணாமா?"

விளக்கு சிவந்தது. மைக் செத்தது. "அடுத்தவங்க வாங்க" என்றார் தலைவர். அவள் நகரவில்லை. அவர் காவலாளியைப் பார்த்துத் தலையசைத்தார்.

காவலாளி வாட்டசாட்டமான கறுப்பு மனிதன். அவன் கிட்டே வந்ததும் வெர்லீன் மைக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். "தொட்டுத்தான் பாரேன்!"

"எந்த ஸ்கூலு, அக்கா?" என்றான் மெதுவாக. சொன்னாள்.

"எம்பொண்ணு படிக்கிறது லிஸ்ட்ல நாலாவது" என்றான்.

பிறகு அவளுக்கு முதுகைக் காட்டி, மேடையைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சத்தமாப் பேசுக்கா. மைக் எதுக்கு?"

வெர்லீன் மூச்சை இழுத்துக்கொண்டாள்.