மொட்டைமாடியில் காய்ந்த வெள்ளைப்பைன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. தொண்ணூற்றாறில், திருவனந்தபுரத்து வன ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் மொட்டைமாடியில் மர விதைகளைப் பாய் விரித்துக் காயப்போட்டிருந்ததைப் பார்த்தேன். (பார்க்கவில்லை. விஜயம் என்று நான் பெயர் வைத்திருப்பவள் சொன்னாள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மழையில் நனைந்த மலைச்சரிவில் ஒரு வெள்ளைப்பைன்…' வேண்டாம். மரம் அழகாக இருந்தால் நீங்கள் கோபப்பட மறந்துவிடுவீர்கள்.

விஜயம் அங்கே தற்காலிக ஆராய்ச்சியாளர். வெள்ளைப்பைன் என்கிற குங்கிலிய மரம் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் நன்றாகக் காய்க்கும். அதன் விதையில் ஈரம் போனால் உயிரும் போய்விடும். போனக்காட்டு மலையில் பொறுக்கிய விதைகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, விதைக்கக் காட்டுமண் எடுத்துவர விதுரா போனாள். முளைத்தால், மரம் வெட்டிய சரிவில் இதையே நடுவார்கள். முளைக்காவிட்டால் சீக்கிரம் வளரும் வெளிநாட்டு அக்கேசியா.

அந்த வருடம் மழை தள்ளிப்போயிருந்தது. அவள் திரும்பி வந்தபோது விதைகள் மாடியில், உச்சிவெயிலில் கிடந்தன. கூடத்தின் தலைவர் பட்டாபி செய்த உபகாரம்.

"சாக்குல கெடந்தா பூசணம் பூத்துடும்மா. ஆத்துல வெள்ளரி விதைகூடக் காயவெச்சுதான் எடுத்து வெப்போம்."

"இது வெள்ளரி அல்லல்லோ சாரே. எல்லாம் செத்தாச்சு."

3

பட்டாபியை அயோக்கியனாக எழுதியிருந்தால் எனக்கு வேலை மிச்சம். அவர் நல்லவர், அதுதான் வயிற்றெரிச்சல். [இங்கே அவருடைய இரக்க குணம் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.]

விதைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. பட்டாபி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "போனக்காட்டு விதைக்கே வீரியம் இல்லேன்னு கமிட்டில சொல்லிடு. ஒம் பேர் கெடாது."

யார் பேர்?

ஒரே ஒரு விதை முளைத்ததாகவும் எழுதினேன். இரண்டு இலை, அதில் ஒரு… விஜயம் விடவில்லை.

"ஒண்ணு முளைச்சாப் போதும், 'பாத்தியா, ஒண்ணும் ஆகலை'ன்னு சொல்லுவாரு. எழுதண்டாம், கேட்டோ."

4

சரிவில் எதை நடுவது என்று முடிவுசெய்யக் கமிட்டி கூடிவிட்டது. வனத்துறை அதிகாரி கேட்கிறார்: "அப்ப அக்கேசியா வெச்சா மதியல்லோ, அது போதுமே?"

பட்டாபி விஜயத்தைப் பார்க்கிறார். அவளுடைய வேலை நீட்டிப்பு அவர் கையில். அவள் எழுந்து

(பேசுவதாக ஒன்று, பேசாததாக ஒன்று, இரண்டு முடிவுகள் எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். பேசினால் வேலை போகும், பேசாவிட்டால் சரிவு போகும். இதை அவள் தலையிலேயே கட்டிவிட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.)

விதை எப்படிச் செத்தது என்று அந்த அறையில் இன்னொருவருக்கும் தெரியும். இவ்வளவு நேரம் வாசித்த உங்களுக்கு. உங்களுக்கு அங்கே வேலையும் இல்லை, போவதற்கு.

அவள் வாய் திறக்கும் முன் நீங்கள் சொல்லுங்கள்.