நீலப் புள்ளி

1

இந்தக் கதை என் பல்வலியில் பிறந்தது. ஆழமான காரணத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். பல் பிடுங்கக் காத்திருந்தபோது, பக்கத்து அறையில் ஒருவர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். பல்செட்டு செய்கிற ஒரு பெண் குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அவளுக்குத் துரோகம் செய்தவராக இருந்தால்? என் புத்தி அப்படி.

2

முதல் வாக்கியம்: ‘பழிவாங்கும் வாய்ப்பு அன்று தானாக நடந்து வந்து வாயைத் திற–’

சே, நாடகம். இன்னொன்று: ‘சூப்பர்வைசர் கதவைத் தட்டியபோது அவள் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்தாள்.’ இது போதும்.

முன்பு இருவரும் ஒரே பல்செட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள்; அவர்தான் அங்கே சூப்பர்வைசர். பல்செட்டுக்கு வந்த இரண்டு பேருடைய வாய் அச்சுகளை மாற்றி வைத்துவிட்டு, அந்தப் பழியை அவர் இவள் தலையில் கட்டினார். வேலை போனது. ‘அச்சு மாத்தினவ’ என்ற பெயர், இவள் வேலை தேடிப் போன இடத்துக்கெல்லாம் இவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் வீட்டு முன்னறையையே பட்டறையாக்கினாள்.*

காலையில் முழங்கால் போட்டுப் பரமண்டல ஜெபம் சொல்வாள். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற வரி வந்ததும் சூப்பர்வைசரின் முகம் வந்து நிற்கும். அந்த வரியை மென்று முழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவாள்.

(* கணவர்? இருந்தார். இரண்டு வரைவுகளிலும் சும்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்ததால் எடுத்துவிட்டேன்.)

3

“போட்ட செட்டெல்லாம் குத்துதும்மா. எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சே காலம் ஓடுது” என்றார் சூப்பர்வைசர், பொக்கை வாயோடு.

“ஊர்ல ஆளா இல்ல? எங்கிட்ட ஏன் வந்தீங்க?”

“உன் வேலையில தப்பு வராதுன்னு எனக்குத்தான் தெரியுமே.”

அடப்பாவி! அன்றைக்கும் தெரிந்தேதான் செய்திருக்கிறார். ஆனாலும் அச்சு எடுத்தாள்.

4

செட்டு தயாரானது. போட்டுவிட்டு, நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னாள். எந்தப் பல் தூக்கி நிற்கிறதோ அதில் நீலம் அழுத்தமாக ஒட்டும். இடது பின்பல்லில் ஒரு புள்ளி. மயிரிழை உயரம்தான். தேய்க்காமல் விட்டால் ஒவ்வொரு கவளத்துக்கும் உயிர் போகும். ‘புதுசுன்னா அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது.

“விடச் சொல்லுடா! நல்லா அனுபவிக்கட்டும்” என்றாள் வரைவைப் படித்த என் அக்கா.

அப்படியே எழுதினேன். அக்காவுக்குக் குளுகுளுவென்று இருந்தது, எனக்கும்தான். ஆனால் மறுநாள் காலை அவள் முழங்கால் போட்டு, ஜெபத்தில் அந்த வரிக்கு வந்ததும்– (முடிக்க வரவில்லை.)

சரி, வேறு முடிவு: சூப்பர்வைசர் கதறி அழுகிறார், அவள் தேய்த்துக் கொடுக்கிறாள்.

“அழுதாத்தான் தேய்ப்பாளாமா? அப்ப இது பண்டமாத்துடா” என்றாள் அக்கா. இவளிடம் எதையும் காட்டக் கூடாது.

5

ஆகவே இப்படி. அவள் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னை மன்னிக்க, நான் திருந்தி வரட்டும்னு நீர் காத்திருக்கலையே ஆண்டவரே” என்று முணுமுணுத்தாள். அதில் பக்தியைவிட எரிச்சல்தான் அதிகம். தேய்த்தாள். திரும்பக் கடிக்க வைத்தாள், மறுபடியும் தேய்த்தாள். நீலம் எல்லாப் பல்லிலும் ஒரே சீராக விழுந்தது.

“அச்ச மாத்தினது நீங்க. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்” என்றாள். “எனக்கு அது இன்னும் வலிக்குது. இந்த செட்டு எங்கயாவது குத்துனா வாங்க. எத்தன தடவ வேணும்னாலும் வாங்க, பாத்துத் தரேன்.”

சூப்பர்வைசர் எழுந்தார். கதவருகே போய்த் திரும்பினார். புதுப் பல்லோடு வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கலாம், மழுப்பலாம், சாயங்காலம் மழை வரும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். அவள் தேய்த்து முடித்துவிட்டாள்.