அளந்த கை

மூன்றாவது முறையாக அந்த பேஸ் கிட்டார் திரும்பி வந்தபோது அக்காவுக்குச் சுருக்கென்றது. வாத்தியங்கள் பழுதுபார்க்கும் அந்த ஒற்றை அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும், வயது பார்க்காமல், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொண்டுவந்தவர் பேருந்து ஓட்டுநர். ஞாயிறுதோறும் பிரார்த்தனைக் கூடத்தில் பாட்டுக்குழுவோடு வாசிப்பவர். கூடவே அவருடைய மச்சினன், அதே குழுவில் டிரம்ஸ் அடிப்பவன்.

“இன்னும் கரகரங்குதுக்கா. இந்த ஞாயிறும் சரியா வரலைன்னா எனக்குப் பதிலா வேற ஆளப் பாத்துக்கங்கன்னு குழுவுல சொல்லிட்டேன்.”

“மாமா வாசிச்சா கம்பி அழாம என்ன செய்யும்?” என்றான் மச்சினன்.

கம்பிகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தாழ்த்தச் சொன்னவரே அவர்தான். அக்கா, ஃபிரெட் என்னும் குறுக்குக் கட்டைகளில் முதலாவதிலும் கடைசியிலும் கம்பியை அழுத்தி, நடுவே தெரிந்த மயிரிழை இடைவெளியைப் பார்த்து, கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கால் சுற்று திருகி, மரம் படிய ஒரு நாள் காத்திருந்து, மறுபடி அளந்துதான் கொடுத்திருந்தாள். இப்போதும் மேசைமேல் கிடத்தி ஒவ்வொரு சுரமாக மீட்டிப் பார்த்தாள். சுத்தமாக ஒலித்தது.

‘என் கையில ஒழுங்காத்தானே பேசுது’ என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அந்த மனிதர் இன்னும் குறுகிப்போவார் என்று தோன்றியது.

“நீங்களே உக்காந்து வாசிங்களேன்.”

அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் கம்பியைத் தொட்டனவே தவிர அழுத்தவில்லை. வலது கையோ சுத்தியலாக இறங்கியது. கம்பி அடிபட்டுக் கரகரத்தது. கடவுளே, மூன்று தடவையும் என் கையையேதானே அளந்தேன் என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“எப்பலேருந்து இப்படி?”

“ஆறு மாசமாச்சு. நரம்பாம். வண்டியவிட்டு எறக்கி ஆபீஸ்ல உக்கார வச்சிட்டாங்க.”

மச்சினன் முகம் மாறியது. “வேலைய மாத்திட்டாங்கன்னுதானே சொன்ன? கைன்னு ஏன் சொல்லல மாமா?”

“சொன்னா நீ கிண்டல் பண்றத நிறுத்திடுவேடா.”

அக்கா அவருடைய இடது கையையும் வலது கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கம்பிய ஏத்தினா இந்தக் கை அழுத்தாது. தாழ்த்தினா அந்தக் கையோட வேகத்தைத் தாங்காது,” என்றாள் அக்கா. “ஏன் இவ்வளவு ஓங்கி மீட்டுறீங்க?”

ஓட்டுநர் மச்சினனைப் பார்த்துவிட்டு, உடனே பார்வையை விலக்கிக்கொண்டார். அவன் டிரம்ஸ் அடிக்கும் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான்.

அக்கா மெல்லிய கம்பிகளாக மாற்றினாள். கழுத்தின் இறுக்கத்தைக் கால் சுற்று தளர்த்தி, தடித்த கம்பியை மட்டும் நூலளவு உயர்த்தினாள். இந்த முறை மேசையில் கிடத்தவில்லை. அவர் மடியில் இருந்தபடியே அளந்தாள்.

மச்சினன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசை விளிம்பில் இரண்டு விரல்நுனிகளால் தாளம் போட ஆரம்பித்தான். காது கொடுத்தால்தான் கேட்கும்.

“ஞாயித்துக்கிழமையும் இவ்வளவுதான் அடிப்பேன். எவனாவது கேட்டா எனக்குத்தான் கைவலின்னுடறேன். நீ வாசி மாமா.”

முதல் சுரம் லேசாகக் கரகரத்தது. அவர் வலது கையைத் தளர்த்தினார். அடுத்த சுரம் கரகரப்பில்லாமல் எழுந்தது. மேசைமேல் ஒரு மூடியில் கிடந்த சின்னத் திருகாணி அந்த அதிர்வில் நடுங்கி, மெல்ல நகர்ந்தது. எடுத்து வைக்கப்போன அக்கா, கையை மடக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.